முள் எப்போது ஏறுகிறது? என்ஜின் வெப்பம் பற்றிய வாசகர் கேள்விகள்

கத்திரி வெயில் முடிந்த பிறகும், வண்டி சூடாகிறது என்று வரும் கடிதங்கள் குறையவில்லை. பெரும்பாலான கடிதங்களில் ‘இதுவரை மாற்றிய பாகங்கள்’ என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது; எதை அளந்து பார்த்தார்கள் என்ற விவரம் மட்டும் இருப்பதில்லை. ஆகையால் இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரே சிக்கலுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னுடையது ஒன்பது ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார். நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கிறது. ஊருக்குள் சிக்னலில் நான்கைந்து நிமிடம் நின்றால், அதிலும் ஏ.சி. ஓடினால், சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. பட்டறையில் முதலில் தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினார்கள், பிறகு கூலன்ட்டை மாற்றினார்கள், இப்போது ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முள் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதை நீங்கள் கவனித்து எழுதியிருப்பதால் பாதி விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, என்ஜினுக்குள் ஓடி அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் வழியாக வெப்பமாக வெளியேற வேண்டும் என்பது பெட்ரோல் என்ஜின்களுக்குப் பொதுவான கணக்கு. நெடுஞ்சாலையில் என்ஜின் எரிக்கும் பெட்ரோல், சிக்னலில் நிற்கும்போது எரிப்பதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே அங்கேதான் ரேடியேட்டருக்கு உண்மையான சோதனை. ரேடியேட்டரின் குழாய்கள் உள்ளே அடைத்திருந்தாலோ, கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் பாதி திறந்து நின்றிருந்தாலோ, வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலோ உங்கள் வண்டி முதலில் திணறியிருக்க வேண்டிய இடம் நெடுஞ்சாலைதான். அங்கே முள் அசையவில்லை என்றால் கூலன்ட்டின் ஓட்டம் ஒழுங்காக இருக்கிறது என்று கொள்ளலாம். நெடுஞ்சாலையில் இருந்து சிக்னலில் இல்லாமல் போவது ஒன்றுதான்: முன்பக்கத்திலிருந்து தானாக வீசும் காற்று. நிற்கும் வண்டிக்குக் காற்றைத் தருவது ரேடியேட்டர் ஃபேன் மட்டுமே. சந்தேகத்தை அங்கே வைத்துத் தொடங்குங்கள்.

வண்டியை நிறுத்திய நிலையில் என்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே ஃபேன் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், அடுத்து ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்சுவிட்ச்), அடுத்து மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஹாரன் போன்ற வேறொரு இணைப்புக்கும் அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தும் அது சுழலாமல், லேசாகத் தட்டினால் மட்டும் சுழல்கிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இரு வேகங்களில் ஓடும் ஃபேன் உள்ள வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால், வெப்பம் மிகவும் ஏறி அதிவேக ரிலே இழுக்கும்வரை ஃபேன் அசையாது. பட்டறைக்காரர் பார்க்கும் நேரத்தில் அது அதிவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், ‘ஃபேன் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று அவர் அடுத்த பாகத்துக்குப் போய்விடுவார். உங்கள் வண்டியில் இப்படி நடந்திருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது.

ஃபேன் ஓடுகிறது என்பதோடும் திருப்தி அடைந்துவிட வேண்டாம். ஏ.சி. ஓடும்போது முன்பக்கக் கிரில்லின் மேல் ஒரு செய்தித்தாளின் தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் உள்நோக்கி இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளப்பட்டால், மோட்டாரை மாற்றியவர் இரண்டு ஒயர்களையும் மாற்றி இணைத்திருக்கிறார், ஃபேன் தலைகீழாகச் சுழல்கிறது என்று பொருள். சிரிக்க வேண்டாம், இதை நான் மூன்று வண்டிகளில் பார்த்திருக்கிறேன். தாள் சற்றும் இழுபடவில்லை என்றால் ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு கழற்றப்பட்டிருக்கலாம், அல்லது ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சிகளும் பஞ்சும் சேர்ந்து ஒரு மெத்தையே உருவாகியிருக்கலாம். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர்தான் தெரியும், இந்த அடைப்பு தெரியாது. என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கிச் சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸின் அழுத்தமான பீய்ச்சல் மெல்லிய அலுமினியத் தகடுகளை மடக்கிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால், ஏற்காட்டுக்கு ஒரு முறை ஏறிப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏ.சி. இல்லாமல் ஏறும்போது, ஃபேன் ஓடியும் முள் ஏறிக்கொண்டே போனால் அப்போது ரேடியேட்டரைச் சந்தேகிக்கலாம். அந்த நிலையிலும் மாற்றுவதற்கு முன் அகச்சிவப்பு வெப்பமானியை ரேடியேட்டரின் பரப்பு முழுவதும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை வெப்பம் படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த பகுதிகள் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. அந்தக் கருவியைப் பளபளப்பான அலுமினியத்தின் மேல் பிடித்தால் வெப்பத்தைக் குறைத்தே காட்டும் என்பதால், கறுப்பு வண்ணம் உள்ள இடத்தையோ ரப்பர் ஹோஸையோ பார்த்து அளக்க வேண்டும்.

கேள்வி: என் காரில் முள்ளே இல்லை, என்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அதிகம் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அதனால் காரின் கணினியில் உள்ள அளவுகளைப் படித்துக் கைப்பேசியில் காட்டும் சிறிய ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். வாங்கியதிலிருந்து நிம்மதி போயிற்று. ஓடும்போது 88 டிகிரி காட்டுகிறது, சிக்னலில் 99 வரை போகிறது. தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியை இவ்வளவு நெருங்குவது ஆபத்து இல்லையா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஆபத்து இல்லை. உங்கள் வண்டி எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருக்கிறது. 100 டிகிரியில் கொதிப்பது திறந்த பாத்திரத்தில் உள்ள தண்ணீர். வீட்டுக் குக்கரில் வெயிட் போட்டதும் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குவதைப் போலவே, ரேடியேட்டர் மூடியும் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பது அந்த அழுத்தத்தின் அளவு. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரி அளவில்தான் கொதிக்கும். நல்ல மூடியின் கீழ் அது 125 டிகிரிக்கும் மேலே போய்விடும்.

முள் உள்ள வண்டிக்காரர்களும் இதே எண்களுக்கு இடையில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பல கார்களில் 80 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை எதுவாக இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அதை வேண்டுமென்றே அமைக்கிறார்கள். எண் ஏறி இறங்குவதைக் கண்டு வாடிக்கையாளர் பயந்து சர்வீஸ் சென்டருக்கு வரக் கூடாது என்பதே காரணம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவர்கள் செய்தது நியாயம் என்றே தோன்றுகிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது எண்ணின் போக்கை. ஏறத்தாழ 95 முதல் 100 டிகிரிக்குள் ஃபேன் ஓடத் தொடங்கி, சில டிகிரி குறைந்ததும் நின்று, மறுபடி ஏறுவது நல்ல அறிகுறி. ஃபேன் ஓடியும் எண் இறங்காமல் 105, 108 என்று போய்க்கொண்டிருந்தால் ஏ.சி.யை நிறுத்துங்கள், 110ஐத் தாண்டியும் ஏறினால் வண்டியை ஓரங்கட்டுங்கள்.

அந்தக் கருவி இன்னொரு வகையில் மிகவும் பயன்படும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, கூலன்ட் வெப்பத்தையும் என்ஜினுக்குள் இழுக்கப்படும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். குளிர்ந்த என்ஜினில் இரண்டும் ஒன்றுக்கொன்று சில டிகிரிக்குள்தான் இருக்க வேண்டும். காற்று 27 என்றும் கூலன்ட் 52 என்றும் காட்டினால் கோளாறு சென்சாரில் இருக்கிறது, என்ஜினில் இல்லை. கூலன்ட் சென்சார் என்பது வெப்பம் கூடக்கூட மின்தடை குறையும் ஒரு சிறு பொருள். பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். அதன் ஒயர் அறுந்தால் தடை எல்லையற்றதாகி, திரையில் கழித்தல் 40 டிகிரி என்று வரும். கோவையில் அந்தக் குளிர் அடிக்காது என்பது கணினிக்குத் தெரியாது. சில வண்டிகளில் என்ஜின் உறைந்து கிடக்கிறது என்று நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றும், மைலேஜ் விழும், பிளக் கறுக்கும். பி0118 என்ற பிழை எண் வந்தால் இந்த ஒயர் அறுந்த நிலை, பி0117 என்றால் ஒயர் ஷார்ட் ஆன நிலை. இரண்டுக்கும் ரேடியேட்டரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: ‘நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையே இல்லை’ என்று சொல்லி எங்கள் மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டார். இருபது ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறாராம். அதன் பிறகு ஊருக்குள் வண்டி சூடாகவில்லை. ஆனால் திருச்சி போகும் வழியில் வேகமாக ஓட்டினால் முன்பைவிட அதிகமாகச் சூடாகிறது. அவர் சொன்னது தவறா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தவறு. ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது புரியக்கூடியதே. பழைய அம்பாசடர் காலத்து என்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் தலை போகும் செலவு. நல்ல உதிரிபாகம் கிடைப்பதும் அரிது. கழற்றி எறிவது அன்றைக்கு ஒரு காப்பீடு.

இன்றைய என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. உள்ளே இருக்கும் மெழுகு 82 அல்லது 88 டிகிரியில் உருகி விரிந்து ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கிறது. பல வடிவமைப்புகளில் அதே அசைவில், என்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்கு வழியை அதன் அடிப்பக்கத் தட்டு மூடவும் செய்கிறது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் ரேடியேட்டர் வழி எப்போதும் திறந்திருப்பதைப் போலவே குறுக்கு வழியும் எப்போதும் திறந்திருக்கும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது வெப்பம் குறைவு, அதனால் தெரியாது. நெடுஞ்சாலையில் வெப்பம் முழுவதும் ரேடியேட்டருக்குப் போக வேண்டிய நேரத்தில், கூலன்ட்டின் ஒரு பங்கு குளிராமலேயே குறுக்கு வழியில் என்ஜினுக்குத் திரும்பிவிடுகிறது. நீங்கள் கண்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

சூடாகாத வண்டிகளிலும் நட்டம் உண்டு. என்ஜின் 60, 65 டிகிரியிலேயே ஓடும்; கணினி அதைக் குளிர்ந்த என்ஜினாகக் கருதி எரிபொருளைக் கூட்டும்; எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். நீல விளக்கு வெகுநேரம் அணையாமல் இருப்பதும், பி0128 என்ற எண் வருவதும் இதன் அடையாளங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் இதே அடையாளங்கள் வரும்.

புதிய தெர்மோஸ்டாட் வாங்கியதும் வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரை வைத்து, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியை வையுங்கள். அதன் மேல் பொறித்துள்ள எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் அசையத் தொடங்கி, தண்ணீர் கொதிநிலையை எட்டுவதற்குள் எட்டு மில்லிமீட்டர் அளவுக்காவது திறக்க வேண்டும். ஆறவிட்டால் முழுதாக மூட வேண்டும். மாட்டும்போது அதன் விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் குட்டி ஊசி மேற்பக்கம் இருக்கட்டும். சிக்கிய காற்று வெளியேற வைத்த வழி அது. ‘புது வால்வு போட்டும் சூடாகிறது’ என்ற புகார்களில் கணிசமானவை, கூலன்ட் ஊற்றிய பின் காற்றை வெளியேற்றாமல் விட்டதால் வருபவை.

கேள்வி: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரிசர்வ் டேங்கில் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. ஹெட் கேஸ்கட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள். பெரிய செலவு என்பதால் கேட்கிறேன்.
– வாசகர், மதுரை

பதில்: என்ஜினை இறக்குவதற்கு முன் இரண்டு சோதனைகளை எழுதிக் கேளுங்கள். முதலாவது, குளிர்ந்த என்ஜினில் மூடியின் இடத்தில் கைப்பம்ப்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்ட அளவுக்கு அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் விட்டுப் பார்ப்பது. அழுத்தம் இறங்கினால் எங்கோ கசிகிறது. சூடான என்ஜினின் மேல் விழும் சொட்டு ஆவியாகிவிடும் என்பதால்தான் தரையில் தடயம் இல்லை. வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்த கறையையும், முன் இருக்கையின் காலடி விரிப்பில் பிசுபிசுப்பான ஈரத்தையும் பாருங்கள். பின்னது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் கசிவு.

இரண்டாவது, ரேடியேட்டர் வாயிலிருந்து எழும் வாயுவை ஒரு நீல நிறத் திரவத்தின் வழியே இழுப்பது. எரிந்த புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். கேஸ்கட் போனதற்கு அது நல்ல சான்று. நீலமாகவே இருந்தால் கேஸ்கட்டைக் குற்றம் சாட்ட அவசரப்பட வேண்டாம். குளிர்ந்த என்ஜினை ஓட்டிய ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்போல் இறுகுவதும் சந்தேகத்துக்குரியதே. ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற படிவம் இருந்தது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குறுந்தூரமே ஓடும் வண்டிகளில் ஈரப்பதத்தால் அப்படிப் படிவது உண்டு. ஒருவேளை இறக்கத்தான் வேண்டும் என்று தெளிவானால், ஹெட்டின் சமதளத்தை நேர்விளிம்புக் கோல் வைத்து அளந்தார்களா என்று கேளுங்கள். பல சிறிய என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் புதிய கேஸ்கட்டும் நிற்காது.

ஊற்றுவது கூலன்ட்டாகவே இருக்கட்டும். போர்வெல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, குழாய்களில் உப்புப் படிவமாகச் சேர்ந்து சில ஆண்டுகளில் ரேடியேட்டரை அடைத்துவிடும். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. சிந்தியதைக் குழந்தைகளும் நாயும் தொடாதபடி உடனே கழுவிவிடுங்கள்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறியபோது குன்னூர் தாண்டியதும் முள் ஏறத் தொடங்கியது. சிறிது நேரத்தில் அது திடீரென்று கீழே விழுந்ததால் சரியாகிவிட்டது என்று எண்ணி ஓட்டினேன். பத்து நிமிடத்தில் ஆவி கிளம்பி என்ஜின் நின்றுவிட்டது. சமவெளியில் ஒரு நாளும் சூடாகாத வண்டி இது. கோடையில் வெறும் தண்ணீர்தான் ஊற்றி வைத்திருந்தேன். எங்கே தவறு நடந்தது?
– வாசகர், ஈரோடு

பதில்: முள் விழுந்த இடத்தில்தான். சென்சார் திரவத்தில் மூழ்கியிருக்கும்வரைதான் அது சொல்வதை நம்பலாம். கூலன்ட் வெளியேறி, சென்சாரைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும் மட்டுமே இருந்தால் அது உலோகத்தின் உண்மையான வெப்பத்தைக் காட்டாது. ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் உடனே என்ஜினை அணைத்துவிட வேண்டும்.

சமவெளியில் சூடாகாதது ஊட்டிச் சாலையில் சூடானதற்கு ஏற்றம் மட்டுமே காரணம் அல்ல. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் பிடிக்காமல் இருந்திருந்தால், உள்ளே இருந்த வெறும் தண்ணீருக்கும் அதே நிலைதான். ஃபேன் ஓடத் தொடங்குவதோ 95 டிகிரிக்கு மேல். அதாவது ஃபேனுக்கு அழைப்பு வருவதற்கு முன்பே தண்ணீர் கொதித்து, மூடி வழியாக வெளியேறத் தொடங்கியிருக்கும். ஈரோட்டில் அதே மூடியோடு கொதிநிலை ஆறேழு டிகிரி கூடுதலாக இருந்ததால் தப்பித்துக்கொண்டிருந்தீர்கள்.

மலையில் முள் ஏறுவதை முதலில் கண்டதும் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழு வெப்பத்திலும் அதன் ஊதியை முழு வேகத்திலும் வையுங்கள். உள்ளே வெந்துபோவீர்கள், ஆனால் ஹீட்டர் ஓர் உபரி ரேடியேட்டராக உதவும். ஆவி வந்துவிட்டால் என்ஜினை அணைத்து, முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். பிறகு தடித்த துணியை மேலே போட்டு, முதல் பிடிப்பு வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பின் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் ஹெட்டில் குளிர்ந்த நீரை ஒரேயடியாக ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும்.

இப்போது உங்கள் என்ஜினைப் பிரித்துச் சரிசெய்பவரிடம், வேலை முடிந்து கூலன்ட் ஊற்றும் முன் பழைய மூடியையும் கைப்பம்ப்பில் மாட்டி எத்தனை அழுத்தத்தில் விடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதில் அச்சிட்ட எண் வரை பிடிக்கவில்லை என்றால், அதே எண்ணுள்ள புதிய மூடியைப் போடுங்கள், 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் பழைய ஹோஸ்கள் வாய் பிளக்கும்.